மொட்டைமாடியில் பூச்சி இயற்பியல்: ஒரு போன், ஒரு ஸ்கேல், கொஞ்சம் பொறுமை

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டால், பத்து நிமிடத்தில் முதல் எறும்பு வந்து அரிசி மாவில் ஒரு துகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். நாம் அதைப் பார்த்தபடியே பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். அந்த எறும்பு நொடிக்கு எத்தனை அடி எடுத்து வைக்கிறது? ஆறு காலில் எது முதலில் போகிறது? சுவரில் செங்குத்தாக ஏறும்போது எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போனில் ஸ்லோ மோஷன் வந்தபிறகு, சைதாப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் விளையாட்டாகத் தொடங்கிய பழக்கம் இது. இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எண்கள் இருக்கின்றன.

நீங்களும் தொடங்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆய்வகம் வேண்டாம், பூச்சியைக் கொல்ல வேண்டாம், சென்னையை விட்டு வெளியே போகவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு இயற்பியல் ஞாபகம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் போன் போதும். 120 பிரேம்தான் வருகிறது என்றாலும் எறும்புக்கும் வெட்டுக்கிளிக்கும் அது தாராளம். அதோடு ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் கிராஃப் தாள், பிள்ளைகளின் காம்பஸ் பாக்ஸில் இருக்கும் பாகைமானி, மூடியுள்ள ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா, ஒரு வெப்பமானி. நெருக்கமாகப் படம் பிடிக்கப் போன் கேமராவில் மாட்டும் கிளிப் லென்ஸ் ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஆனால் முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். ஒரு மாதம் லென்ஸ் இல்லாமல் பழகினால்தான் எது குறைகிறது என்று தெரியும்.

வெளிச்சம்தான் முக்கியம். நான் முதலில் எடுத்த பத்துப் பதினைந்து வீடியோவும் வீண். சமையலறைக் குழல் விளக்கின் கீழ் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் எறும்பு தெரியவில்லை, விளக்கு கண் சிமிட்டுவதுதான் தெரிகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய வகைக் குழல் விளக்கு அதில் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது, 240 பிரேம் கேமராவுக்கு நன்றாகத் தெரியும். மலிவான எல்இடி பல்புகள் பலவற்றிலும் இதே தொல்லைதான். எனவே வெயிலில் எடுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை சாய்வெயில் அருமையாக இருக்கும். சென்னை மே மாத மத்தியான வெயிலில் பூச்சிக்கு முன்னால் உங்கள் போன்தான் சூடாகி நின்றுபோகும்.

மென்பொருள் இரண்டு, இரண்டும் இலவசம். ஒன்று கணினியில் ஓடும் டிராக்கர். வீடியோவில் பிரேம் பிரேமாகப் புள்ளி வைத்தால் தூரமும் வேகமும் அதுவே கணக்குப் போட்டுத் தரும். இன்னொன்று ஃபைஃபாக்ஸ் என்கிற போன் செயலி, ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒலியின் அதிர்வெண்ணை அளக்க அது வேண்டும், கடைசியில் கொசுவிடம் வரும்போது சொல்கிறேன்.

ஒரு மைசூர்பாகு கணக்கு

களத்தில் இறங்குமுன் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கனசதுரமான ஒரு மைசூர்பாகுத் துண்டை, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக வெட்டினால் எட்டுத் துண்டு வரும். எட்டையும் சேர்த்து எடை போட்டால் பழைய எடைதான். ஆனால் வெளியே தெரியும் பக்கங்களின் மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகிவிடும். வெட்டிக்கொண்டே போனால் எடைக்கு உள்ள முக்கியத்துவம் குறைந்துகொண்டே வரும், பரப்புக்கு ஏறிக்கொண்டே போகும். எறும்பு அளவுக்கு வந்துவிட்டால் புவியீர்ப்பு கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஆட்டிவைப்பவை வேறு: ஒட்டும் விசை, தண்ணீரின் தோல் போன்ற மேற்பரப்பு, காற்றின் இழுவை. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த எறும்பு எழுந்து நடந்துபோவதற்கும், குளித்துவிட்டு வரும் நம் உடம்பில் ஒட்டியிருக்கும் தண்ணீர் நமக்கு ஒன்றுமில்லாததற்கும், அதே ஈரம் ஒரு சின்ன ஈயை நகரவிடாமல் செய்வதற்கும் இதுதான் காரணம். பூச்சி செய்வது எதுவும் அதிசயம் இல்லை. அந்த அளவில் இருந்தால் நாமும் அப்படித்தான் நகர வேண்டியிருக்கும்.

எறும்பிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் பட்டாம்பூச்சியைத் துரத்துவார்கள். வேண்டாம். எறும்பு எங்கேயும் போகாது, வரிசையாக வரும், நூறு முறை தவறு செய்தாலும் நூற்றொன்றாவது எறும்பு காத்திருக்கும்.

கடிக்காத பிள்ளையார் எறும்பு நல்லது. கட்டெறும்பு பெரியது, கால்கள் தெளிவாகத் தெரியும், அதுவும் நல்லது. சுவரிலோ தரையிலோ ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஒரு வரிசையைக் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பென்சில் கோடு போடுங்கள். சாக்பீஸ் வேண்டாம், அந்தத் தூளைக் கண்டால் எறும்பு தயங்கும். வரிசையின் குறுக்கே கோடு போடாமல் ஓரமாகப் போடுவதும் முக்கியம். எறும்பு மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது, விரலால் அந்த வழியை ஒருமுறை தேய்த்துவிட்டால் பத்து நிமிடம் குழப்பம்தான்.

போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் தூரக்கணக்கு தப்பாகும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கத்து முன்கால், இடப்பக்கத்துப் பின்கால், வலப்பக்கத்து நடுக்கால், இந்த மூன்றும் ஒன்றாகத் தரையில் இருக்கும். மற்ற மூன்றும் காற்றில். அடுத்த அடியில் மாறிக்கொள்ளும். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்று தச்சர்கள் சொல்வார்கள். தரை எப்படி இருந்தாலும் மூன்று கால் மூன்று புள்ளியில் உட்கார்ந்துவிடும். எறும்பு ஒவ்வொரு அடியிலும் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் உடம்பை நகர்த்துகிறது. நடுவில் எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் விழாது. கரப்பானும் வண்டும் இதே நடைதான்.

இருபது எறும்புகளுக்குப் பத்து சென்டிமீட்டர் கடக்க எத்தனை பிரேம் ஆனது என்று எண்ணி, சராசரி எடுங்கள். 240ஆல் வகுத்தால் நொடி வந்துவிடும். அரிசி நொய்யைச் சுமந்து வருபவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி இதை வெப்பமானியோடு சேர்த்துச் செய்யுங்கள். பால்வெளியில் சூரியன் நடுவில் இல்லை, வெகுதூரம் தள்ளித்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்த வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் வேலை பார்த்த நாட்களில் பகல் வேளையில் எறும்பு வேகத்தை அளந்துகொண்டிருந்தார். 1920இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். சூடு ஏற ஏற எறும்பின் வேகமும் ஏறியது. வேகத்தை மட்டும் பார்த்து வெப்பநிலையை ஏறத்தாழ ஒரு டிகிரிக்குள் சொல்ல முடிந்தது. பூச்சிக்கு நம்மைப்போல் உடல் சூடு நிலையாக இருப்பதில்லை, தசையின் வேகம் வெளிச் சூட்டைப் பொறுத்தது. ஜனவரி விடியற்காலையில் ஒன்று, ஏப்ரல் பத்து மணிக்கு ஒன்று என அதே வரிசையில் அளந்து பாருங்கள். கிராஃபில் புள்ளி வைத்தால் கோடு ஏறுவது தெரியும். வெப்பமானியை எறும்பு நடக்கும் சுவரோடு ஒட்டி வையுங்கள். காற்றின் சூடு வேறு, சுவரின் சூடு வேறு.

மாமரம் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைத் தெரிந்திருக்கும், கடியும் தெரிந்திருக்கும். இந்த எறும்பு கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் தூக்கிப் பிடிக்கும். பாதத்தில் மெத்தை போன்ற ஒட்டுதளம் இருக்கிறது, அதில் மிக மெல்லிய திரவப் படலம். அதன் சூட்சுமம் ஒட்டுவதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. காலை உடம்புப் பக்கம் இழுத்தால் மெத்தை விரிந்து பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் தள்ளினால் மடங்கி விட்டுவிடும். பசை மட்டும் போட்டிருந்தால் எறும்பு ஒரே இடத்தில் நின்றிருக்கும். படம் பிடிக்கிறேன் என்று கிளையைப் பிடித்து வளைத்து, கழுத்துச் சட்டைக்குள் ஏழெட்டு முசுறு விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. தூரமாக நில்லுங்கள்.

தண்ணீர் மேல் நடப்பது

கோயில் குளத்துப் படிக்கட்டு ஓரம், மழைக்குப் பிறகு நான்கு நாள் தேங்கிய குட்டை, சேத்துப்பட்டு ஏரிக்கரை என்று அலையில்லாத தண்ணீர் எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். நீளக் காலை அகல வைத்துக்கொண்டு தண்ணீர் மேல் வழுக்கி வழுக்கி ஓடும் மெல்லிய பூச்சி கண்ணில் படும். அது மிதக்கவில்லை, நிற்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நீங்கள் அளக்கப்போகிறீர்கள்.

ஆழமில்லாத, அடி தெரியும் தண்ணீர் என்றால் வெயில் நேரத்தில் பூச்சியைப் பார்க்காமல் அடியில் விழும் நிழலைப் பாருங்கள். மெல்லிய காலுக்கு மெல்லிய நிழல் விழாது. ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே பெரிய கரு வட்டம், ஓரத்தில் ஒளிக்கோடு. கால் அழுத்திய இடத்தில் தண்ணீர் கிண்ணம்போல் குழிந்து, ஒளியை விலக்கி அனுப்புகிறது. பெரிய வட்டம் என்றால் அந்தக் காலில் பாரம் அதிகம். என் கணிப்பில், சென்னையில் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய மிக அழகான இயற்பியல் காட்சி இதுதான்.

கணக்கு எளிது. தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது அதன் மேற்பரப்பு தோல்போல் இழுத்துப் பிடிக்கும் விசை, மீட்டருக்கு 0.072 நியூட்டன். இந்தப் பூச்சியின் எடை பத்து மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், தாங்குவதற்கு வேண்டிய விசை 0.0001 நியூட்டன்தான். வகுத்தால், தண்ணீரைத் தொடும் விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே போதும். பூச்சியின் கால்கள் தண்ணீரில் படிந்திருக்கும் நீளம் அதைவிடப் பல மடங்கு, காலில் அடர்த்தியாக நுண்ணிய மயிர்கள் வேறு, அவை ஈரத்தை அண்டவிடாது. எனவே ஏகப்பட்ட பாதுகாப்பு கையிருப்பில் இருக்கிறது. அறுபது கிலோ மனிதர் இதே முறையில் நிற்க வேண்டுமென்றால் பாதத்தின் விளிம்பு எட்டு கிலோமீட்டர் வேண்டும். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை மெரினாவில் போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு தூரம் வராது.

வீட்டில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, சின்னக் குண்டூசியைப் படுக்கை வசமாக மெதுவாக விட்டுப் பாருங்கள். டிஷ்யூ தாள் துண்டின் மேல் வைத்து விட்டால் தாள் நனைந்து மூழ்கும், ஊசி நிற்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஒரு சொட்டு விடுங்கள். ஊசி முழுகும். இந்தச் சோப்புச் சோதனையைக் குளத்தில் செய்துவிடாதீர்கள், அங்கே உயிர்கள் இருக்கின்றன.

நிற்பது புரிந்தது, ஓடுவது எப்படி? நடு இரண்டு கால்தான் துடுப்பு. துடுப்பு போட்டால் அலை எழும், அந்த அலையைத் தள்ளித்தான் முன்னே போகிறது என்று வெகுநாள் நம்பினார்கள். கணக்கு மட்டும் உதைத்தது. தண்ணீரின் மேற்பரப்பில் அலை எழ வேண்டுமென்றால் கால் நொடிக்கு ஏறத்தாழ 23 சென்டிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். குஞ்சுகளின் கால் அவ்வளவு வேகம் போகாது, ஆனாலும் அவை ஜோராக ஓடுகின்றன. 2003இல் அமெரிக்காவின் எம்ஐடியில் தண்ணீருக்குச் சாயம் போட்டுப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு துடுப்படியிலும் மேற்பரப்புக்குக் கீழே சுழல்கள் உருவாகிப் பின்னால் போயின. பின்னே போகும் சுழலின் உந்தம்தான் பூச்சியை முன்னே தள்ளுகிறது, அலையின் பங்கு சிறியது. பரிசல் ஓட்டுவதும் அடிப்படையில் அதேதான்.

குழியானையும் மணல் சரிவும்

சின்ன வயதில் குழியானை பிடிக்காத ஆள் உண்டா? மழை படாத காய்ந்த மணல் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, பழைய வீட்டுத் தாழ்வாரத்தோரம், மணல் கொட்டி வைத்த கட்டட வேலையிடம். புனல்போல் குழிகள் இருந்தால் அடியில் அது காத்துக்கொண்டிருக்கிறது. குழி தோண்டுவது பின்னோக்கி வட்டம் சுற்றியபடி. தலையால் மணலை வெளியே வீசிக்கொண்டே இறங்கும்.

பாகைமானியை எடுங்கள். பக்கத்து மணலையே ஒரு காகிதப் புனல் வழியாகத் தரையில் கொட்டிக் குவியல் செய்து, சரிவின் கோணத்தை அளங்கள். காய்ந்த மணலுக்குப் பொதுவாக முப்பதிலிருந்து முப்பத்தைந்து டிகிரிக்குள் வரும். அதற்கு மேல் செங்குத்தானால் மணல் தானே சரிந்துவிடும். இப்போது குழியின் சுவரை அளங்கள். கிட்டத்தட்ட அதே எல்லையில் நிற்பது தெரியும். ஓர் எறும்பு கால் வைத்தால் போதும், பாரம் கூடி மணல் வழுக்கத் தொடங்கும். ஏறப் பார்த்தால் கீழிருந்து குழியானை மணலை வாரி வீசும். அது குறி வைத்து எறிகிறதா என்பதல்ல முக்கியம், சரிவின் அடியிலிருந்து மணலை எடுத்ததும் மேலே உள்ளது கீழே வந்தாக வேண்டும். பெரிய மணல் துகள்களை வெளியே வீசிவிட்டு நைசான மணலை மட்டும் குழியில் விட்டுவைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. உள்சுவரிலிருந்தும் வெளியிலிருந்தும் ஒரு சிட்டிகை மணல் எடுத்துக் கருப்புத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வெட்டுக்கிளியின் உண்டிவில்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படம் பிடிப்பதுதான் கஷ்டம், கணக்கு சுலபம். புல்தரையில் வெட்டுக்கிளி இருக்கும் இடத்துக்குப் பின்னால் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பக்கவாட்டில் எடுங்கள். எவ்வளவு உயரம் எம்பியது என்று பாருங்கள். முப்பது சென்டிமீட்டர் என்றால் தரையை விட்ட வேகம் நொடிக்கு 2.4 மீட்டர். அந்த வேகத்தைக் கால் நீண்டு விரியும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் எடுத்திருக்கிறது. அப்படியென்றால் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு.

தசையால் மட்டும் அவ்வளவு சீக்கிரத்தில் அவ்வளவு ஆற்றலைத் தர முடியாது. அதனால் வெட்டுக்கிளி முன்கூட்டியே காலை மடித்துப் பூட்டி, தசையை நிதானமாக இறுக்கி, முழங்காலில் உள்ள பிறை வடிவத் தகடுகளை வளைத்து வைத்துக்கொள்ளும். பூட்டு விட்டதும் தகடு நிமிர்கிறது, பூச்சி பறக்கிறது. ரப்பரை இழுத்துப் பிடிப்பது கை, கல்லை எறிவது ரப்பர். உண்டிவில்லில் மாங்காய் அடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூச்சிகளின் உடம்பில் ரெசிலின் என்ற புரதமும் இருக்கிறது, கொடுத்த ஆற்றலை அநேகமாக முழுதாகத் திருப்பித் தரும் ரப்பர் அது. வெட்டுக்கிளி இனத்தில் அதை 1960இல் விவரித்தவர் டென்மார்க்கின் டோர்கெல் வெய்ஸ்-ஃபோ.

வீடியோவில் தாவுவதற்கு முந்தைய அரை நொடியையும் விட்டுவிடாதீர்கள். மடிந்த கால் அசையாமல் இறுகி நிற்கும் அந்த இடத்தில்தான் வேலை நடக்கிறது.

இறக்கைக்குப் போகலாம்: முதலில் தட்டான்

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை சென்னையில் காலி மைதானம், கடற்கரை, மொட்டைமாடி எங்கும் பழுப்பு மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். அவற்றில் பெரும்பங்கு வலசை போகும் இனம். மாலத்தீவில் அக்டோபரில் வந்து இறங்குவதும், அங்கிருந்து ஆப்பிரிக்கா வரை கடல் தாண்டுவதும் இதே இனம்தான்.

தட்டானின் இறக்கை நொடிக்கு முப்பது, நாற்பது முறைதான் அடிக்கும். 240 பிரேம் கேமராவில் ஓர் அடிப்புக்கு ஆறு முதல் எட்டுப் படம் கிடைக்கும், அது போதும். குச்சி நுனியில் உட்காரும் தட்டானைக் கண்டால் போனை வைத்துக் காத்திருங்கள், கிளம்பினாலும் பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பி வரும். கிளம்பும் கணத்தில் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றாக அடிக்கும், அப்போதுதான் தள்ளுவிசை அதிகம். அந்தரத்தில் நிற்கும்போது ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி அடிக்கும். நான்கு இறக்கைக்கும் தசை நேரடியாக அடியில் பிணைந்திருப்பதால் தனித்தனியாக ஆட்ட முடிகிறது. இறக்கை நுனியருகே ஒரு கரும்புள்ளி இருக்கும், அழகுக்காக இல்லை. அந்தச் சிறு கனம் வேகமாகப் போகும்போது இறக்கை படபடத்து நடுங்காமல் பிடித்து வைக்கிறது.

வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட பாவத்துக்கு இப்படி மணிக்கணக்கில் காத்திருந்து பரிகாரம் செய்துகொண்டிருக்கிறேன்.

ஈ, அப்புறம் ஒரு ஏமாற்றம்

தட்டானில் கிடைத்த வெற்றியோடு வீட்டு ஈயைப் படம் பிடித்தால் விசித்திரமாக ஏதோ வரும். இறக்கை சோம்பேறித்தனமாக, சில சமயம் பின்னோக்கிக்கூட அடிப்பதுபோல் தெரியும். நம்பாதீர்கள். ஈ நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அடிக்கிறது, உங்கள் கேமரா 240 முறைதான் பார்க்கிறது. அடுத்த படம் எடுப்பதற்குள் இறக்கை முக்கால் சுற்றுக்கும் மேல் போய்விட, மீதிச் சுற்று பின்னால் வந்ததாகக் கண் படிக்கிறது, நொடிக்கு 40 முறை போலத் தோன்றும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் உருள்வதும் இதே மாயம். கேமரா எடுக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட எந்த அதிர்வையும் வீடியோவில் நம்பக்கூடாது என்பது விதி. 240க்கு எல்லை 120.

இவ்வளவு வேகமாக எப்படி அடிக்கிறது? நரம்பு நொடிக்கு 200 முறை தசைக்குக் கட்டளை அனுப்புவதில்லை. ஈயின் மார்புக்கூடு ஒரு நெளியும் பெட்டி. செங்குத்துத் தசை பெட்டியின் கூரையைக் கீழே இழுத்தால் இறக்கை மேலே போகும். நீளவாக்குத் தசை இழுத்தால் கூரை புடைத்து இறக்கை கீழே வரும். ஒன்று சுருங்கும்போது மற்றது இழுபடுகிறது, இழுபட்டாலே அது பதிலுக்குச் சுருங்கும். கூடத்து ஊஞ்சல் மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுந்து நின்று தள்ள வேண்டாம், எப்போதாவது ஒரு உந்து கொடுத்தால் தன் கதியில் ஆடும். நரம்பு கொடுப்பது அந்த எப்போதாவது உந்துதான்.

ஈக்கும் கொசுவுக்கும் இறக்கை இரண்டுதான். பின்னிறக்கை இருந்த இடத்தில் குண்டூசி மாதிரி இரண்டு குமிழ்கள் இருக்கும், குளியலறைச் சுவரில் ஒட்டும் நீளக்கால் பூச்சியில் வெறும் கண்ணுக்கே தெரியும். அவை இறக்கையோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். உடல் திரும்பினால் குமிழின் அடியில் உள்ள உணர்விகள் அந்தத் திருப்பத்தை அறியும். உங்கள் போனுக்குள் இருக்கும் சுழற்சி உணர்வியும் அதிரும் ஒரு துணுக்கை வைத்துத்தான் வேலை செய்கிறது.

வாட்ஸப்பில் அடிக்கடி வரும் ஒரு செய்தி: வண்டு பறக்க முடியாது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, ஆனால் வண்டுக்கு அது தெரியாததால் பறக்கிறது. தன்னம்பிக்கைக்கு நல்லது, இயற்பியலுக்குத் தப்பு. 1930களில் விமானத்தின் அசையாத இறக்கைக் கணக்கை வண்டுக்குப் போட்டுப் பார்த்ததில் வந்த வதந்தி. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் இறக்கை காற்றைக் கிழித்துக்கொண்டு நிலையாகப் போகிறது. பூச்சியின் இறக்கை வீசித் திரும்பி வீசித் திரும்பி, ஒவ்வொரு வீச்சிலும் முன்விளிம்பின் மேல் ஒரு சின்னக் காற்றுச் சுழலை உருட்டிப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சுழலுக்குள் அழுத்தம் குறைவு, இறக்கை மேலே உறிஞ்சப்படுகிறது. 1996இல் கேம்பிரிட்ஜில் சார்லி எலிங்டன் குழுவினர் புகை விட்டு அதை அந்துப்பூச்சியிலும் அதன் பெரிய இயந்திர மாதிரியிலும் பார்த்துவிட்டார்கள்.

கொசுவின் சுருதி

கண்ணால் முடியாததைக் காதால் அளக்கலாம். இது புது யோசனை இல்லை. 1666இலேயே இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக், ஈயின் ரீங்காரம் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று கேட்டு, அது நொடிக்கு எத்தனை முறை இறக்கை அடிக்கிறது எனச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொசுவை டம்ளரால் சுவரில் மூடிப் பிடித்து, அட்டையை நுழைத்து, டப்பாவுக்கு மாற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இது இந்த ஆராய்ச்சியிலேயே பெரிய தியாகம். போனின் மைக் இருக்கும் அடிப்பக்கத்தை டப்பாவோடு ஒட்டி வைத்து, ஃபைஃபாக்ஸில் ஒலி நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்து, டப்பாவை லேசாகத் தட்டுங்கள். கொசு பறந்ததும் திரையில் ஒரு கூர்மையான முகடு எழும். அதற்கு இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் சின்ன முகடுகள் தெரியும். கீழே உள்ள முதல் முகட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் இறக்கையடிப்பு. பெண் கொசுவுக்குப் பெரும்பாலும் நானூற்றை ஒட்டி வரும். ஐந்து கட்டையில் பாடும் பெண்களின் மேல் ஷட்ஜம் அது. 50இலோ 100இலோ முகடு வந்தால் அது கொசு இல்லை, பக்கத்து அறை ஃப்ரிட்ஜோ இன்வெர்ட்டரோ.

டெங்கு பரப்பும் வரிக்கொசுவில் பெண் சுமார் 400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 400 அடிப்பு), ஆண் சுமார் 600 ஹெர்ட்ஸ். 2009இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், இரண்டையும் அருகருகே பறக்கவிட்டபோது, பெண்ணின் மூன்றாம் மடங்கும் ஆணின் இரண்டாம் மடங்கும் 1200இல் ஒன்றாகப் பொருந்தும்படி இரண்டும் தங்கள் அடிப்பைச் சரிசெய்துகொண்டதைக் கண்டார்கள். 400க்கு 600 என்பது இரண்டுக்கு மூன்று. தம்புரா மீட்டியவர்களுக்குத் தெரியும், அது ஷட்ஜமும் பஞ்சமமும். மார்கழி சபாக்களில் சுருதி சேராமல் பாடுபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

எறும்பைப்போலவே இதையும் வெப்பமானியோடு செய்யுங்கள். சூடு கூடினால் சுருதி ஏறும். இனம், ஆணா பெண்ணா, உடல் அளவு எல்லாம் எண்ணை மாற்றும், எனவே ஒரே கொசுவைக் காலையிலும் மத்தியானத்திலும் அளப்பது மேல். இறகு போன்ற அடர்ந்த உணர்கொம்பு இருந்தால் ஆண், மெல்லியதாக இருந்தால் பெண். ஒன்று மட்டும்: ஆராய்ச்சிக்குக் கொசு வேண்டும் என்று வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்தால் டிராக்கர் கிராஃபைக் காட்டித் தப்பிக்க முடியாது, தெருவில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அதற்குமேல் எதுவும் பேச முடியாது. கொசு வேண்டுமென்றால் அந்தி நேரத்தில் ஜன்னலை ஐந்து நிமிடம் திறந்தாலே போதும், நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை.